பெரியக்கா ஃபோல்டரைக் கூட்டிப் பெருக்கிய கதை

“வெச்சது வெச்ச இடத்துல இருக்கா இந்த வீட்ல?”

தினமும் இதைச் சொல்லிவிட்டுத்தான் பெரியக்கா செருப்பையே மாட்டுவாள். வீட்டுக்காரர் பதில் பேசமாட்டார். பேசினால் அவர் சட்டைப்பை வரைக்கும் சோதனை வரும். பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போனபிறகு, நாற்பது வயதுக்கு மேல், உடை வடிவமைப்புப் படிப்பில் சேர்ந்தவள் அவள். வகுப்புக்கே பெரியக்கா.

கடைசி வருஷம் மூன்று பேர் சேர்ந்து ஒரு ப்ராஜெக்ட்: ஒரே கையால் போட்டுக் கழற்றக்கூடிய சட்டை. படம் வரைவது சின்னவள். துணி, பட்டன் விவரம் தேடுவது பொட்டலம். ஜிப் மூடாத பையோடு திரிவதால் அந்தப் பெயர். அளவும் தையலும் பெரியக்கா. ஃபைலெல்லாம் கிளவுடில், ஒரே ஃபோல்டரில். அதுவும் பெரியக்காவின் கணக்கு. மூவரும் அதற்குள்ளேயே நுழைந்து வேலை பார்த்தார்கள்.

அங்கேயும் அதே புலம்பல்தான்.

“‘புதுசு’, ‘ரொம்பப் புதுசு’, ‘சும்மா’. ஃபைலுக்கும் ஃபோல்டருக்கும் வைக்கிற பேராடி இது?”

“எனக்குப் புரியுதுக்கா,” என்பாள் பொட்டலம்.

“உன் பைக்குள்ள என்ன இருக்குன்னே உனக்குப் புரியாது.”

ஒப்படைக்க வேண்டிய நாளும் வந்தது. விருந்தாளி வருமுன் வீட்டை ஒதுக்குகிற வேகத்தில் பெரியக்கா ஃபோல்டரை ஒதுக்கினாள். உள்ளே இருந்த ‘சும்மா’ ஃபோல்டர், திறந்துகூடப் பார்க்காமல், போயிற்று. கிளவுடின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தாள். குப்பையைக் கட்டி வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ள அவள் என்ன சோம்பேறியா?

மத்தியானம் மூவரும் கல்லூரி லேபில் கூடினார்கள். சின்னவள் திறந்து பார்த்தால், அறிக்கை இருக்கிறது, ஒரு படம்கூட இல்லை. அத்தனையும் ‘சும்மா’வில்தான் இருந்தன. சாயங்காலம் அலுவலகம் மூடுவதற்குள் கொடுக்காவிட்டால் மூவருக்கும் இன்னொரு வருஷம்.

“குப்பைத்தொட்டில இருக்கும்க்கா. எடுத்துடலாம்,” என்றாள் சின்னவள்.

“அதையும் கொட்டிட்டேன்டி.”

சின்னவள் கத்தியிருந்தால் பெரியக்கா தாங்கியிருப்பாள். அவளோ காலியான குப்பைத்தொட்டியையே மறுபடி மறுபடி திறந்து பார்த்தாள்.

பொட்டலம் போனை நோண்டினாள். “எங்க வெச்சேன்னு தேட எனக்குப் பொறுமை கிடையாது. ஒவ்வொரு தடவையும் மொத்த ஃபோல்டரையும் மறுபடி போன்ல டவுன்லோட் பண்ணிக்குவேன்.”

பூனைப் படங்களுக்கும் பஸ் டிக்கெட்டுகளுக்கும் நடுவே மொத்த ஃபோல்டரும் கிடந்தது. ஒன்றல்ல, ஏழெட்டு. கடைசியாக வரைந்த காலர் படம் மட்டும் இல்லை. சின்னவள் அதைப் புதிதாக வரைய, பெரியக்கா பக்கத்தில் நின்று அளவு சொன்னாள். அலுவலகக் கதவைச் சாத்தப்போன பியூனை ஓடிப்போய் நிறுத்தியது பெரியக்காதான்.

வெளியே வந்ததும், “திட்டுறதுன்னா திட்டுங்கடி. கேட்டுக்கறேன்,” என்றாள்.

“அது உங்க வேலைக்கா. எங்களுக்கு அவ்வளவு நல்லா வராது,” என்றாள் பொட்டலம். அப்போதுதான் சின்னவள் சிரித்தாள்.

மறுநாள் கண்காட்சி வேலைக்கென்று கிளவுடில் புதுக் கணக்கு ஒன்றைத் திறக்கவைத்து, அதைப் பொட்டலத்தின் பொறுப்பிலேயே விட்டாள் பெரியக்கா. “எனக்குப் பாக்க மட்டும் வழி வெச்சா போதும். அழிக்கிற உரிமையே வேணாம்.”

சட்டைக்கு நல்ல மார்க். இந்த வாரம் முழுக்கக் கல்லூரிக் கண்காட்சியில், மாடி ஹாலில் ஜன்னலோரம் மூவரும் நிற்கிறார்கள். நேரம் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தச் சட்டையைப் போட்டுப் பாருங்கள். குறை இருந்தால் பெரியக்காவிடம் நேராகவே சொல்லலாம். பதிலுக்கு நாலு வார்த்தை வரும், ஆனால் திருத்திவிடுவாள்.