வலது கைக்கு மட்டும் வந்த இலை

என் வலது கை நடுங்குகிறது என்ற செய்தியை எனக்கு முதலில் சொன்னது டாக்டர் இல்லை, மனைவி இல்லை, பால். அதுவும் நுரைத்த பால். சொன்னபோது அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். என் புத்திக்கு இது ஒன்றும் புதிதல்ல.

என் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். அவருக்கும் வலது கையில்தான் ஆரம்பித்தது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது கட்டைவிரல் ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டே இருக்கும், விபூதி எடுப்பதுபோல. அப்பாவுக்குப் பக்தி முற்றிவிட்டது என்று வீட்டில் சிரித்தோம். முதலில் சிரித்தவன் நான். பிறகு அந்த நடுக்கம் கையிலிருந்து காலுக்குப் போனது, நடையை எடுத்துக்கொண்டது, பேச்சை எடுத்துக்கொண்டது. கடைசி இரண்டு வருடம் அவருக்கு ஸ்பூனால் ஊட்டியவள் என் மனைவி. இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். தெரிந்தும் பாலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெற்றதும் பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு எஸ்பிரெஸ்ஸோ மிஷினை அனுப்பிவைத்தாள். மைசூர் விஜயநகரில் எங்கள் சமையலறை மேடையில் மிக்ஸிக்குப் பக்கத்தில் அது குடியேறியது. சூடேறும்போது உள்ளே யாரோ பல்லை நறநறவென்று கடிப்பதுபோல ஒரு சத்தம். பிறகு ஆவிக் குழாய் சீறும். கொள்ளேகாலில் பிறந்து வளர்ந்த என் மனைவி இரண்டடி தள்ளி நின்று பார்த்தாள்.

"ஏனுங்க, இது வெடிச்சா இன்சூரன்ஸ் உண்டுங்களா?"

"மிஷினுக்கு உண்டு. எனக்குத்தான் பாலிசி முடிஞ்சு போச்சு" என்றேன். முப்பது வருடம் இன்சூரன்ஸ் ஆபீசில் குப்பை கொட்டியவனுக்கு வேறு என்ன ஜோக் வரும்?

வீடியோக்களைப் பார்த்துப் பார்த்துப் படித்தேன். இத்தாலிக்காரன் சமாசாரம் பெரிய வேதாந்தமில்லை. கஷாயம்போல இறங்குகிற இரண்டு வாய் எஸ்பிரெஸ்ஸோதான் எல்லாவற்றுக்கும் அடி. அதன்மேல் நிறையப் பாலும் மெல்லிய நுரையும் விழுந்தால் லாட்டே. பால் குறைந்து நுரை கனத்தால் காப்புச்சினோ. இரண்டே ஸ்பூன் நுரையைத் தலையில் வைத்து அனுப்பினால் மக்கியாட்டோ. நம் வீட்டில் 'டிகாக்‌ஷன் தூக்கலா, பால் தூக்கலா' என்று கேட்டு முடிக்கிற விஷயத்துக்கு அங்கே ஆளுக்கொரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

கஷ்டம் பாலில்தான். ஆவிக் குழாயின் மூக்கு பாலின் மேல்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். காகிதம் கிழிவதுபோலச் சத்தம் கேட்டால் காற்று சரியாகப் போகிறது. சில நொடிகளில் மூக்கை உள்ளே இறக்கி, பாலைச் சுழலவிட்டு, ஜாடியில் உள்ளங்கை தாங்காத சூடு வந்ததும் நிறுத்த வேண்டும். எனக்கு இரண்டு வாரம் சோப்பு நுரைதான் வந்தது. காரணம் எங்கள் வீட்டுச் சட்டம்: பாக்கெட்டை வெட்டினால் முதலில் காய்ச்ச வேண்டும், பிறகுதான் மற்றதெல்லாம். நான் காய்ச்சி ஆறவைத்து, ஆடை மிதக்கும் பாலுக்கு ஆவி காட்டிக்கொண்டிருந்தேன். வீடியோக்காரன் ஃப்ரிட்ஜிலிருந்து பாலை அப்படியே ஊற்றுகிறான் என்று மனைவியிடம் சொன்னேன்.

"அவன் பச்சைப் பாலைக் குடிப்பானுங்க. அவனுக்கு வயித்தால போனா நானா பாக்கப்போறேன்?" என்றாள்.

அவள் கணக்கு டீச்சர். காலை எட்டுக்கு அவள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பியதும் ஒருநாள் திருட்டுத்தனமாகக் குளிர்ந்த பாக்கெட்டை வெட்டினேன். பால் பட்டுத்துணிபோலப் பளபளத்தது. அன்றே கோப்பையில் படம் போட இறங்கிவிட்டேன்.

தொடக்கக்காரர்களுக்கு இதயம் என்றார்கள். கையை ஆடாமல் பிடித்து ஊற்றி, கடைசியில் ஒரு கோடு இழுத்தால் இதயம். எனக்கு அது வரவே இல்லை. ஓரமெல்லாம் சீப்புப் பல்லாக உடைந்தது. அதைவிடக் கடினம் இலை. ஜாடியை இடமும் வலமும் பொடிப்பொடியாக அசைத்தபடி பின்னால் இழுக்க வேண்டும். மாதக்கணக்கில் பழக வேண்டும் என்றார்கள். எனக்கு முதல் முறையே வந்தது. நரம்பு நரம்பாக, அச்சில் வார்த்த மாதிரி. எல்.கே.ஜி.யில் தோற்றவன் நேரே பட்டம் வாங்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் ஊருக்கு வந்த மகள் வீடியோ எடுத்தாள். "ஐயோ அப்பா, என்ன கண்ட்ரோல்ப்பா! பெங்களூர்ல காபி ஷாப் பையனுங்களுக்கே இப்படி வராது, கொத்தா, தெரியுமா?" என்று சொந்தக்காரர்கள் குரூப்பில் போட்டாள். லைக் போட்ட கட்டைவிரல்கள் குவிந்தன. மனைவி அந்த வீடியோவை நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, பொறாமையா?"

"ஆமாங்க" என்றாள். சிரிக்கவில்லை.

ஒரு காலை மிஷின் சூடேறும்வரை மேடைமேல் கையை வைத்துக் காத்திருந்தேன். வலது கட்டைவிரல் தன்பாட்டுக்கு ஆள்காட்டி விரலைத் தேய்த்துக்கொண்டிருந்தது. நான் சொல்லவில்லை, அது கேட்கவும் இல்லை. ஈயை அமுக்குவதுபோல இடது கையால் மூடினேன். நின்றது. எடுத்தேன். சற்றுப் பொறுத்து மறுபடி தொடங்கியது. மிஷின் பல்லைக் கடித்தது.

ஜாடியை இடது கைக்கு மாற்றினேன். வாட்ச் கட்டிக்கொள்வதைத் தவிர ஒரு வேலையும் தெரியாத கை அது. ஊற்றினேன். இதயம் வந்தது. கொஞ்சம் கோணல், ஆனால் ஓரம் ஓரிடத்திலும் உடையவில்லை. அடுத்த கோப்பையில் அதே கையால் இலை போட்டுப் பார்த்தேன். வெள்ளையாக ஒரு கட்டி மட்டும் மிதந்தது. இலை நான் போட்டதே இல்லை. முதல் கோப்பையை நாக்கு பொசுங்கப் பொசுங்கக் குடித்துக் கழுவிக் கவிழ்த்தேன், யாரோ பார்த்துவிடப் போகிறார்கள் என்பதுபோல.

மறுநாளிலிருந்து மக்கியாட்டோவுக்கு மாறினேன். ஸ்பூனால் நுரையை வைத்தால் போதும், ஊற்ற வேண்டியதில்லை.

"இப்பெல்லாம் இலையே போடறதில்லையே?" என்றாள் மனைவி.

"இலையுதிர் காலம்."

"மைசூர்ல அது எப்பங்க வந்துச்சு?"

நான்கு நாள் ஓட்டினேன். ஐந்தாம் நாள் அவளுக்குப் பள்ளி விடுமுறை. நான் பல் தேய்த்து வருவதற்குள் மிஷினைப் போட்டிருந்தாள். ஃப்ரிட்ஜிலிருந்து பாக்கெட்டை எடுத்து, தானே வெட்டி, காய்ச்சாத பாலை ஜாடியில் ஊற்றி என் முன்னால் வைத்தாள். இருபத்தொன்பது வருடத்தில் அந்தச் சட்டத்தை அவள் மீறி நான் பார்த்ததில்லை.

"போடுங்க."

போட்டேன். அவள் கோப்பைப் பக்கம் திரும்பவே இல்லை. என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுவரை போட்டதிலெல்லாம் அழகான இலை அன்று விழுந்தது.

"மாமாவுக்கும் இந்தக் கைதானுங்களே" என்றாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"அவ வீடியோ போட்ட அன்னிக்கே."

"ஏன் சொல்லலை?"

"அத்தனை சந்தோசமா இருந்தீங்க." முந்தானையால் மேடையைத் துடைத்தாள். அதில் ஒன்றுமே சிந்தியிருக்கவில்லை. "செவ்வாக்கிழமை நரம்பு டாக்டருகிட்ட பேர் குடுத்திருக்கேன். கை ஆடற வீடியோ இருந்தா எடுத்துட்டு வரச் சொன்னாங்க."

"அவகிட்ட சொல்லாதே" என்றேன். மகளைச் சொன்னேன். மனைவி தலையாட்டினாள். அது சரி என்றா, முடியாது என்றா என்பது அவள் முகத்தில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் வந்து இறங்கினாள். பையை வைத்த கையோடு சமையலறைக்கு வந்தாள். "அப்பா, ஒரு இலைப்பா! இந்தத் தடவை மேலருந்து எடுக்கறேன்." போனைக் கோப்பைக்கு நேர் மேலே பிடித்தாள். மனைவி எங்களுக்கு முதுகு காட்டி அடுப்புப் பக்கம் நின்றாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

நான் ஒரு ஜோக் தயாராக வைத்திருந்தேன். நல்ல ஜோக். சொல்லவில்லை.

"கப்பை எடுக்காதே கண்ணு. கையை எடு."

"கையா? எதுக்குப்பா, ரீலுக்கா?"

"டாக்டருக்கு."

அவள் சிரித்தாள். நான் வாயைத் திறந்தால் சிரிப்பது எங்கள் வீட்டு வழக்கம். பிறகு அம்மாவின் முதுகைப் பார்த்தாள். போன் மெல்ல இறங்கி என் கைக்கு நேராக வந்து நின்றது. ஜாடியைக் கீழே வைத்துவிட்டுக் கையை மேடைமேல் சும்மா கிடத்தினேன். சிறிது நேரத்தில் விரல் தன் வேலையைத் தொடங்கியது.

"எவ்வளவு நேரம் எடுக்கணும்?" என்று கேட்டாள். குரல் அப்படியே அவள் அம்மாவுடையது.

"அது நிக்கிற வரைக்கும்" என்றேன்.

அவள் எடுத்துக்கொண்டே இருந்தாள்.