துவக்கு அலுமாரியின் இரண்டாவது திறப்பு

எல்க் வேட்டைக்கு ஆயத்தமாவதில் மிகக் கடினமானது குறிபார்த்துச் சுடப் பழகுவது என்று நினைப்பீர்கள். இல்லை. என் கணவரை நித்திரை கொள்ள வைப்பதுதான்.

ஹம்பேர்க் நகரத்துக்கு வெளியே ஓர் இறைச்சிக் கடையில் அப்போது வேலை செய்துகொண்டிருந்தேன். தட்டுக் கழுவச் சேர்ந்தவள், பன்னிரண்டு வருடத்தில் வெட்டு மேசைக்கு வந்திருந்தேன். இலையுதிர்காலம் தொடங்கினால் வேட்டைக்காரர்கள் மானும் காட்டுப்பன்றியும் கொண்டுவந்து இறக்குவார்கள். தோலுரித்துத் துண்டு போடுவது என் வேலை. அந்த மிருகம் எங்கே நின்றது, எப்படி விழுந்தது என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. யாரோ தொடங்கிய வேலையை எப்போதும் முடித்து மட்டும் கொடுப்பதில் எனக்கு அலுப்பு வந்துவிட்டது.

மேசையின் மறுபக்கத்தில் நின்றவள் ஒரு ஜெர்மன்காரி. என் வயது, என்னைப் போலவே வாய்க்காரி, ஆனால் வேட்டைக்காரி. அவள் தந்த துணிச்சலில் வேட்டைப் பரீட்சைக்குப் போனேன். பறவைகளின் பெயர், நாய்களுக்கு வரும் நோய், மரங்களின் இலை, சட்டம் எல்லாவற்றையும் ஜெர்மன் மொழியில் பாடமாக்கினேன். முதல் தடவை கோட்டை விட்டேன். இரண்டாம் தடவை தேறினேன்.

அவளும் அவளுடைய தம்பியும் சில நண்பர்களும் ஒவ்வோர் ஒக்டோபரிலும் சுவீடனுக்கு எல்க் வேட்டைக்குப் போவார்கள். எல்க் மான் இனம்தான், ஆனால் குதிரையை விட உயரம். ஜெர்மனியில் அதைச் சுட முடியாது. 2009இல் குழுவில் ஒருவருக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை. அந்த இடத்துக்கு நீ வருகிறாயா என்று அவள் கேட்டபோது நான் விலா எலும்பு அறுத்துக்கொண்டிருந்தேன். கத்தியைக் கீழே வைக்காமலே ஓம் என்று சொல்லிவிட்டேன்.

கோடை முழுவதும் ஆயத்தம்தான். சனிக்கிழமைகளில் சுடுகளத்துக்குப் போனோம். அங்கே தண்டவாளத்தில் ஓடும் மிருகப் படத்தைச் சுடவேண்டும். முதல் நாள் துவக்கைத் தூக்கவே தயங்கினேன். பிறந்த நாட்டில் துவக்கு எப்போதும் வேறு யாருடைய கையிலோதான் இருந்தது, அதன் வாய் எங்கள் பக்கம்தான் பார்த்தது. இங்கே அது என் கையில், எதிரில் வெறும் கடதாசி. மூன்றாவது சனிக்கிழமை தயக்கம் போய்விட்டது, சந்தோஷமாகவும் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

புதுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டே மரக்கறி வாங்கப் போனேன், கால் பழகவேண்டுமே. மணிக்கணக்காக அசையாமல் இருக்கவும் பழகவேண்டும். மாடத்தில் ஒரு கதிரையைப் போட்டு அப்படியே இருந்தேன். எதிர்வீட்டு மனிதர் இரண்டாம் நாள் வந்து, ஏதும் பிரச்சினையா என்று விசாரித்தார். தமிழ்ப் பூசைக்கு வரும் ஓர் அக்கா மட்டும் நேரே விஷயத்துக்கு வந்தார்.

"எலும்போட கொண்டு வாரும். எலும்பில்லாட்டிக் கறி சரிவராது."

சுவீடனுக்கு இரவல் துவக்கோடு போகத் துணியாமல், வெட்டு மேசைக் கூட்டாளியின் பழைய துவக்கொன்றை வாங்கி என் பெயருக்கு மாற்றினேன். எல்லை கடக்க அதற்கும் ஒரு கடவுச்சீட்டு வேண்டும். விண்ணப்பித்து மூன்றாவது கிழமையில் வந்தது. நானும் என் கணவரும் ஜெர்மன் கடவுச்சீட்டுக்காகப் பதினான்கு வருடம் வரிசையில் நின்றவர்கள். துவக்குக்கு வந்த யோகத்தைப் பார்த்து எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

என் பெயரில் துவக்கு இருந்தால் என் வீட்டில்தான் இருக்கவேண்டும், சுவரில் ஆணியடித்து இறுக்கிய இரும்பு அலுமாரிக்குள். இதைக் கணவரிடம் சொன்னேன். அவர் சத்தம் போடுகிறவர் அல்ல. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"நான் துவக்கில்லாத வீட்டில இருக்கத்தான் இந்த நாட்டுக்கு வந்தனான்."

அது எனக்குத் தெரியாததல்ல. பதினேழு வயதில் அவரை வீட்டுச் சுவரைப் பார்த்து ஒரு மணித்தியாலம் நிற்க வைத்தார்கள். பின்னால் ஆமிக்காரன் துவக்கோடு நின்றானா, வெளியே போய்விட்டானா என்று அவருக்குத் தெரியாது. திரும்பிப் பார்க்கவும் ஏலாது. கலியாணம் கட்டிய காலத்திலிருந்து எங்கள் படுக்கையறைக் கதவு திறந்தேதான் இருக்கும்.

ஐந்தாம் நாள் தானே வந்தார்.

"கொண்டு வாரும். ஆனா அலுமாரித் திறப்பு ஒண்டு என்னட்டையும் இருக்கோணும். சாமான் உள்ளுக்குத்தான் இருக்குதெண்டு நான் நினைச்ச நேரம் பாக்கோணும்."

அலுமாரியோடு வந்த இரண்டு திறப்பில் ஒன்றை அவரிடம் கொடுத்தேன். சிலுவைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அலுமாரியை மகளின் அறையில் அவரே இறுக்கினார். மகள் படிக்கக் கார்ல்ஸ்ரூஹே போன பிறகு அந்த அறை சும்மாதான் கிடந்தது. படுக்குமுன் ஒருதரம் திறந்து பார்ப்பார், பூட்டுவார், வந்து குறட்டை விடுவார். காரியம் இவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று நான் பெருமைப்பட்டேன்.

செப்டெம்பரில் துவக்கு அனுமதி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. துவக்கு ஒழுங்காகப் பூட்டப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வியாழக்கிழமை நான்கு மணிக்கு ஆள் வரும். அன்று பார்த்து எஸ்-பான் ரயில் பிந்தியது. நான் ஓடிவந்து கதவைத் திறந்தபோது அதிகாரி மகளின் அறையில் நின்றார். அலுமாரி திறந்து கிடந்தது. என் கணவர் பக்கத்தில் நின்று சிரித்தார்.

"பாவம், அந்தாள் எவ்வளவு நேரம் நிக்கிறது? நானே திறந்து காட்டிப்போட்டன்."

அனுமதி இல்லாதவர் யாராக இருந்தாலும், கணவன் மனைவியாக இருந்தாலும், திறப்பு அவர் கையில் படக்கூடாது என்பது பரீட்சையில் வந்த கேள்வி. சரியான விடை எழுதியிருந்தேன். வீட்டில் அது ஞாபகத்துக்கு வரவில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் மற்றவர் பூட்டி வைத்தது என்று எதுவுமே இருந்ததில்லை.

அதிகாரி கெட்டவர் அல்ல. இதை எழுதினால் உங்கள் அனுமதி போய்விடும், சுவீடனும் போய்விடும் என்றார். பேனையைத் திறந்து மூடினார். இரண்டு திறப்பும் இன்றே உங்களிடம் வரவேண்டும், எங்கே வைக்கிறீர்கள் என்று இவருக்குத் தெரியக்கூடாது, திங்கட்கிழமை திரும்பி வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்காமலே போனார்.

கணவர் கட்டிலில் இருந்தபடி சங்கிலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"நான் துவக்கைத் திருப்பிக் குடுக்கிறன். எல்க் எங்கயும் ஓடிப்போகாது. வேண்டாம், விடுங்கோ."

நல்ல மனதோடுதான் சொன்னேன், ஆனால் சொல்லும்போதே அழுகை முட்டியது. கோடை முழுவதும் பட்ட பாடு. அந்தக் குளிர்க் காட்டில் விடியற்காலையில் நிற்க நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று எனக்கே அப்போதுதான் தெரிந்தது. அவர் என் முகத்தைப் பார்த்தார், அதிலிருந்ததை வாசித்துவிட்டார். சங்கிலியைக் கழற்றி, சிலுவையை விட்டுவிட்டுத் திறப்பை மட்டும் எடுத்து என் கையில் வைத்தார்.

"எனக்குத் துவக்கில நம்பிக்கை இல்லை. உம்மில இருக்கு. எங்க வைக்கிறீரெண்டு எனக்குச் சொல்லாதையும்."

சொல்லவில்லை. வைத்த இடம் நல்ல இடம், இன்றைக்கும் எழுதமாட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை கேட்டேன், நித்திரை கொண்டனீங்களோ என்று. "இல்லை" என்றார். சனிக்கிழமையும் அதே பதில். அலுமாரியின் கைப்பிடியை இழுத்துப் பார்த்ததாகவும், அது பூட்டியிருந்ததாகவும் மறைக்காமல் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் கண்ணைத் திறக்க முடியாமல் இருந்தார். நாளைக்கும் இப்படியென்றால், அவர் என்ன சொன்னாலும் துவக்கைத் திருப்பிக் கொடுப்பது என்று நான் தீர்மானித்துவிட்டேன்.

திங்கட்கிழமை நான் எழும்பியபோது மணி ஐந்தரை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவருக்குக் காலைமுறை. ஐந்து மணிக்கே அவர் புறப்பட்டிருக்கவேண்டும். பத்தொன்பது வருடத்தில் ஒருநாளும் பிந்தாத மனிதர், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். மணிக்கூடு அடித்து ஓய்ந்திருந்தது.

எழுப்பக் கையை நீட்டிவிட்டுப் பின்னால் இழுத்துக்கொண்டேன். குசினிக்குப் போய்ச் சலவைக்கூடத்துக்குத் தொலைபேசி எடுத்து, இன்றைக்கு அவர் பிந்தித்தான் வருவார் என்றேன். ஏன், சுகமில்லையா என்று கேட்டார்கள்.

நல்ல சுகம், நித்திரை கொள்கிறார் என்றேன்.