மங்கலத்தில் ஒரு சார்ஜர்

இரண்டாயிரத்தெட்டில் திருப்பூரில் கரண்ட் போனால் ஊரே மின்வாரியத்தைத் திட்டும். சகாயராஜ் மட்டும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்புவார். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அந்தக் கதைதான். பனியன் கம்பெனியில் மிஷின் ஓடும்போது சுவரில் ஓட்டை போட விடமாட்டார்கள். தூசி துணியில் விழுந்தால் பீஸ் போச்சு. கரண்ட் போய், டெய்லர்கள் டீ குடிக்கப் போன நேரத்தில்தான் அந்த வேலையெல்லாம். ஜெனரேட்டர் இல்லாத சின்னக் கம்பெனிகளில் அப்போது ஒயர் ட்ரில்லை வைத்து என்ன செய்வது, தேங்காய் உடைக்கவா? சகாயராஜிடம் பேட்டரி ட்ரில் இருந்தது. மிஷின் இறக்க வந்த வெளிநாட்டு ஃபிட்டர் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போனது.

அதன் சார்ஜர்தான் கருகிவிட்டது. போன கரண்ட் திரும்பி வந்த வேகத்தில் புகைந்து அடங்கியது. சோறு போட்ட கரண்டே மண்ணையும் போட்டது.

கிட்டுசாமி கம்பெனிக்குத் தணிக்கைக்காக பனியன் வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆட்கள் வருவதாக இருந்தது. தீயணைப்பு சிலிண்டர், முதலுதவிப் பெட்டி, அவசர வழி போர்டு எல்லாம் சகாயராஜ் கையால் சுவரேற வேண்டும். அங்கே சூப்பர்வைசர் ராஜ்கமல், சகாயராஜின் மனைவி விஜயராணியின் தம்பி. ட்ரில் படுத்த செய்தி கேட்டதும் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அயர்ன் டேபிள் காலியா இருக்கு மச்சான். வாங்க, நான் பாத்துக்கிடுதேன்."

விஜயராணிக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. சகாயராஜுக்குச் சோறு இறங்கவில்லை. தூத்துக்குடியிலிருந்து வந்த நாளில் நின்ற டேபிள் அது. கழுதை கெட்டால் குட்டிச்சுவர். சரி, நின்றுவிடலாம். ஆனால் மச்சினன் விசிலடித்து, மச்சினன் திட்டி, மச்சினனிடம் லீவு கேட்டு நிற்பதா? அதைவிட ஊருக்கே போய்விடலாம் என்று அவருக்கு அழுகை வந்தது.

கடை கடையாக ஏறினார். புது ட்ரில்லே வாங்கிக்கொள் என்றார்கள். காதர்பேட்டையில் பழைய சாமான் விற்கும் கைருதீன் மட்டும் ஒரு கூடைச் சார்ஜரைக் கொட்டி ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார். எதுவும் சேரவில்லை. கடைசியில், மங்கலத்தில் தறி வைத்திருக்கும் அப்துல்லாவிடம் இதே ட்ரில்லைப் பார்த்ததாகச் சொன்னார்.

அப்துல்லாவிடம் ட்ரில்லும் இருந்தது, சார்ஜரும் இருந்தது. சார்ஜருக்கு உயிர் இருந்தது. ட்ரில்லுக்கு மோட்டார் எரிந்திருந்தது. சகாயராஜ் சார்ஜரைக் கேட்டார். அப்துல்லா சகாயராஜின் ட்ரில்லைக் கேட்டார். டீ வந்தது. குடித்துவிட்டு இருவரும் முதலிலிருந்து கேட்டார்கள்.

"நீங்களும் குடுக்க மாட்டீங்க, நானும் குடுக்க மாட்டேனுங்க," என்றார் அப்துல்லா. "சார்ஜர் இங்கயே கெடக்கட்டும். வேணுங்கறப்ப வந்து போட்டுக்கங்க. என்ற தறிக்கு எதாச்சும்னா ட்ரில்ல எடுத்துட்டு வந்துருங்க."

சகாயராஜ் கும்பிட்டார். மறுநாள் காலையிலேயே போய் பேட்டரியைச் செருகினார். அது பாதி ஏறுவதற்குள் தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. மங்கலத்திலும் கரண்ட் போகும் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. வாழ்க்கையில் முதல்முறையாக மின்வாரியத்தைத் திட்டினார். ஊரார் இத்தனை காலமும் எவ்வளவு பொறுமையாகத் திட்டியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

பாதி பேட்டரியோடு பஸ் பிடித்து கிட்டுசாமி கம்பெனிக்குப் போனால், தையல் லைனை நிறுத்தி, துணியெல்லாம் பாலிதீன் போட்டு மூடியிருந்தார்கள். ஏணிமேல் ராஜ்கமல். கையில் வாடகை ஒயர் ட்ரில்.

"என்னங்க அண்ணாச்சி பண்றது, காத்தால ஆளுங்க வந்துருவாங்க," என்றார் கிட்டுசாமி, முகத்தைப் பார்க்காமல்.

சகாயராஜ் திரும்பி வாசல்வரை வந்துவிட்டார். அயர்ன் டேபிளின் சூடு முகத்தில் அடிப்பதுபோல இருந்தது.

அப்போது கரண்ட் போனது.

ராஜ்கமலின் ட்ரில் சுவருக்குள் பாதி போய் நின்றது. இழுத்துப் பார்த்தான், வரவில்லை. மேலே மூன்று பெட்டியும் அவசர வழி போர்டும் பாக்கி. எப்போது வரும் என்று கிட்டுசாமி யாரையோ கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

ராஜ்கமல் ஏணியிலிருந்து இறங்கினான். சகாயராஜ் பேட்டரியைத் தட்டி மாட்டி, ஏறினார். முதல் ஓட்டை விழுந்து தூசி கீழே நின்றவன் தலையில் கொட்டியது. ஏணி லேசாக ஆடியது.

"அசையாம பிடி மாப்ளே," என்றார் சகாயராஜ்.

ராஜ்கமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.