ஓரகத்தி வீட்டுத் தொட்டில்

டீனெகேவுக்குப் பொறாமை பிறவிக் குணம். சிலருக்கு வெயில் பட்டால் முகம் சிவக்கும். இவளுக்கு அடுத்தவள் கையில் நல்ல பொருளைப் பார்த்தால் கழுத்திலிருந்து காது வரை சிவக்கும். போர்னே ஊர்க் கடைத்தெருவில் இருக்கும் என் ரொட்டிக் கடையில் ஐந்து வருடமாக என்னோடு நின்று விற்கிறாள். யாராவது புதுக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தால், ரொட்டியை வெட்டிக்கொண்டே என் காதில் சொல்வாள்: "தையல் சரியில்ல, அலைடா. தோள்பட்டையப் பாரு, தூக்கிக்கிட்டு நிக்குது."

தையல் ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆசைப்பட்ட பொருளை அவள் பார்ப்பதுபோல் வேறு யாரும் பார்த்து நான் கண்டதில்லை. பித்தான் எத்தனை, நூல் என்ன நிறம், உள்பையில் கிழிசல் உண்டா என்பது வரை அவளுக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் குணத்துக்குத் தீனி போடவென்றே அவளுக்கு ஓர் ஓரகத்தி வாய்த்தாள். டீனெகேவின் கணவன் ஹெர்பர்ட், கூரை வேலை செய்கிறவன். அவனுடைய அண்ணன் கெர்பென். அண்ணன் மனைவி எல்ஸ்பெத். அவர்களுக்கு ஊர்க் கோடியில் புதிதாகக் கட்டிய வீடு, பெரிய ஜன்னல்கள், மாடியில் குழந்தைக்கென்று தனி அறை. டீனெகேவும் ஹெர்பர்ட்டும் இருப்பது என் கடைக்கு மேலே. ஏணி போன்ற படியில் ஏறினால் இரண்டே அறை. படுக்கையறையில் கட்டில் போக மிச்சமிருப்பது ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் இடம்.

ஒரே வருடத்தில் இரண்டு பேரும் கர்ப்பமானார்கள். எல்ஸ்பெத்துக்கு இரண்டு மாதம் முன்னால்.

"அதுலயும் அவதான் முந்திக்கிட்டா," என்றாள் டீனெகே.

எல்ஸ்பெத் வாங்கிய தொட்டில் ஓக் மரத்தில் செய்தது. மூன்று பக்கம் கம்பி, நான்காம் பக்கம் திறந்திருக்கும். அந்தத் திறந்த பக்கத்தை அம்மாவின் கட்டிலோடு ஒட்டவைத்து, ஒரு பட்டையைக் கட்டிலின் அடியில் கொடுத்து மறுபக்கம் மாட்டி இழுத்துக் கட்ட வேண்டும். பால் கொடுக்க எழுந்து நடக்க வேண்டாம், கையை நீட்டினால் பிள்ளை. படம் அனுப்பியிருந்தாள். கடையில் ஆறேழு பேர் வரிசையில் நிற்க, டீனெகே கைபேசியில் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதோடு விட்டாளா? விடுமுறை நாளெல்லாம் பஸ் ஏறி ஹெங்கெலோவில் அதே தொட்டில் விற்கும் கடைக்குப் போனாள். அங்கே பார்வைக்கு வைத்திருந்த தொட்டிலைக் கழற்றுவாள், மாட்டுவாள், பட்டையை இழுத்துக் கட்டுவாள், பக்கத்துக் கட்டிலில் படுத்துப் பார்ப்பாள். விற்கிற பெண் முதலில் முறைத்தாள், பிறகு காப்பி கொண்டுவந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

ஹெர்பர்ட் பாவம், காரியக்காரன். என்னிடம் ரொட்டி சுற்றும் காகிதம் வாங்கிப் போய், ஒவ்வொரு தொட்டிலின் அளவுக்கும் வெட்டித் தன் அறைத் தரையில் விரித்துப் பார்த்தான். ஓக் மரத் தொட்டிலின் காகிதத்தை விரித்தால் கதவு பாதிதான் திறந்தது. கடைசியில் ஒடுக்கமான ஒன்றைக் கண்டுபிடித்தான். நாலு பக்கமும் வலைத்துணி அடைப்பு, சொந்தக் காலில் நிற்கும், எதோடும் கட்ட வேண்டாம். தன் பக்கத்து அலமாரியை வெளியே தள்ளினால் கட்டிலோரம் கச்சிதமாக உட்காரும்.

"அவளுக்கு ஓக்கு மரம், எனக்கு மீன் கூடையா?" என்றாள் டீனெகே. அன்றிலிருந்து அந்தத் தொட்டிலுக்கு அந்த வீட்டில் மீன் கூடை என்றே பெயர்.

தனக்குக் கிடைக்காத திராட்சை புளிக்கத்தானே செய்யும். ஹெர்பர்ட்டின் பிறந்தநாளுக்கு உறவெல்லாம் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து கேக் தின்றுகொண்டிருந்தபோது, டீனெகே அத்தனை பேர் முன்னிலையில் தொட்டிலுக்குக் குற்றப்பத்திரிகை வாசித்தாள். வார்னிஷ் வாடை பிள்ளைக்கு ஆகாது. வெள்ளைத் துணி ஒரு வாரம் தாங்காது. ஓக் மரம் குளிர்காலத்தில் முனகும். எல்ஸ்பெத் தட்டை வைத்துவிட்டுச் சமையலறைக்குப் போனாள். திரும்பி வரும்போது கண் சிவந்திருந்தது. கெர்பென் தம்பியைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னான். அதற்குப் பிறகு டீனெகே என்ன சொன்னாலும், வயிற்றெரிச்சல் பேசுகிறது என்று அந்தக் குடும்பம் காதை மூடிக்கொண்டது. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

எல்ஸ்பெத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. யோரிஸ் என்று பெயர் அச்சடித்த அட்டை வந்தது, எடையும் நீளமும் போட்டு. அட்டையில் இருக்கிற நீளத்துக்கே திராட்சை ரொட்டி சுட்டு, மேலே வெண்ணெய் தடவிக் கொடுப்பது எங்கள் கடை வழக்கம். அதைப் பலகையில் வைத்து இரண்டு பேர் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஒரு முனையில் டீனெகே, மறு முனையில் நான். கிளம்பும்போது ஹெர்பர்ட் வாசலில் மறித்தான்.

"அங்க போயி அந்தத் தொட்டிலப் பத்தி ஒரு வார்த்த பேசக்கூடாது. நல்லதுன்னும் சொல்ல வேணாம், கெட்டதுன்னும் சொல்ல வேணாம். என் அண்ணன் வீட்டு வாசப்படி எனக்கு வேணும், புரியுதா?"

"பேச மாட்டேன்."

"சத்தியமா?"

"ஊமையாப் போயி ஊமையா வர்றேன், போதுமா?"

வழி முழுக்க அந்த ஊமை பேசிக்கொண்டே வந்தாள். பிள்ளை பிறந்த வீடு என்று ஊருக்குச் சொல்ல, அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் மரத்தால் செய்த நாரை இரண்டு நட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் பலகை ஒரு பக்கம் சாய்ந்தது. "ஊருக்கெல்லாம் ஒரு நாரை. இவளுக்கு மட்டும் ரெண்டு."

கெர்பென் கதவைத் திறந்தான். எங்களுக்கு மாடிப்படியில் வழிவிட்டபடியே ரொம்பப் பெருமையாகப் பேசினான். "தாதியம்மா நேத்துத்தான் போனாங்க. அவங்க வண்டி தெருவத் தாண்டறதுக்குள்ள கட்டைய எல்லாம் உருவி, இரவல் குடுத்த எடத்துல திருப்பிக் குடுத்துட்டேன்."

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வரும் தாதி குனிந்து குனிந்து முதுகு ஒடியக் கூடாது என்று கட்டில் கால்களுக்குக் கீழே கட்டை வைத்து உயர்த்துவோம். அவள் போனதும் கட்டில் இறங்கும். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். கடன் வாங்கிய பொருளை ஒரு நாள் கூடுதலாக வைத்திருந்தால் கெர்பெனுக்குத் தூக்கம் வராது.

எல்ஸ்பெத் ஜன்னலோரம் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். களைப்பாக இருந்தாலும் அழகாக இருந்தாள். அதையும் டீனெகே கவனித்திருப்பாள். ஆண் பிள்ளை பிறந்த வீட்டு வழக்கப்படி எங்களுக்கு ரஸ்க்கில் வெண்ணெய் தடவி, நீலமும் வெள்ளையுமாகச் சோம்பு மிட்டாய் தூவிக் கொடுத்தார்கள். டீனெகே கடித்தாள், பிள்ளையின் மூக்கு அப்படியே கெர்பென் என்றாள், மெத்தை விரிப்பைப் பார்த்தாள், திரைச்சீலையைப் பார்த்தாள். பிறகு கட்டிலோடு ஒட்டியிருந்த தொட்டிலைப் பார்த்தாள்.

நான் அவள் கழுத்தைப் பார்த்தேன், சிவக்கப் போகிறது என்று. சிவக்கவில்லை. முகம் மாவு பூசியதுபோல் வெளுத்தது.

"எல்ஸ்பெத், அந்தப் பட்ட…"

"ஆரம்பிச்சிட்டியா?" எல்ஸ்பெத் கோபமாகக்கூடச் சொல்லவில்லை, அலுத்துச் சொன்னாள். "டீனெகே, இன்னிக்கு மட்டும் வேணாமே. எனக்குத் தெம்பில்ல."

"வந்தவங்க ரஸ்க் சாப்பிடுங்க," என்றான் கெர்பென். குரலில் இருந்த குளிர் எனக்கே உறைத்தது.

டீனெகே வாயை மூடிக்கொண்டாள். கையில் இருந்த ரஸ்க் உடைந்து, மிட்டாயெல்லாம் தரையில் சிதறியது. அந்த வீட்டில் அவள் பேச்சுக்கு ஏது மதிப்பு? புலி வருது புலி வருது என்று மூன்று மாதம் கத்தியாகிவிட்டது. இன்னொரு வார்த்தை பேசினால் ஹெர்பர்ட்டுக்கு அண்ணன் வீடு இல்லை. பேசாவிட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது. அது முகத்தில் எழுதியிருந்தது.

யோரிஸுக்குக் கண் சொக்கியது. எல்ஸ்பெத் அவனைத் தொட்டிலில் விட எழுந்தாள்.

"ஒரு நிமிஷம்," என்றாள் டீனெகே. மேசையில் வைத்திருந்த பலகையிலிருந்து திராட்சை ரொட்டியை இரு கையாலும் எடுத்தாள். தலையைத் தாங்குவதுபோல் ஒரு முனையைத் தாங்கிப் போய், தொட்டிலில் பிள்ளை படுக்கும் இடத்தில் கிடத்தினாள்.

"ஐயோ, துணியெல்லாம் வெண்ண," என்றாள் எல்ஸ்பெத்.

டீனெகே காதில் வாங்கவில்லை. கட்டிலில் ஏறிப் படுத்தாள், ஏழு மாத வயிற்றோடு. பால் கொடுக்கத் திரும்பும் தாயைப்போலத் தொட்டில் பக்கம் புரண்டு, அதன் மெத்தையில் முழங்கையை ஊன்றினாள். அவ்வளவுதான் செய்தாள். தொட்டில் நழுவிக் கட்டிலை விட்டு விலகியது. மேலே ஒழுங்காக விரித்திருந்த வெள்ளைத் துணி உள்ளே இழுபட்டது. ரொட்டி மெல்ல உருண்டு, அந்த இடுக்கில் தலைகீழாக இறங்கி, பாதியில் சிக்கி நின்றது.

அது ரொட்டி என்று எனக்குத் தெரியும், நான்தான் சுட்டேன். இருந்தும் என் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது.

கெர்பென் முழங்காலில் விழுந்து அதை வெளியே எடுத்தான். எடுக்கச் சிரமப்பட்டான். பிறகு கட்டிலுக்கடியில் கையை விட்டுப் பட்டையைத் தொட்டுப் பார்த்தான். தொளதொளவென்று கிடந்தது. கட்டையை உருவ வசதியாகத் தொட்டிலை நகர்த்தப் பட்டையைத் தளர்த்தியிருக்கிறான். கட்டிலை இறக்கினான், தொட்டிலையும் அதே மட்டத்துக்கு இறக்கினான், ஒட்டித் தள்ளி வைத்தான். திரும்ப இழுத்துக் கட்டுவதை மட்டும் மறந்துவிட்டான்.

"நேத்து ராத்திரி பூரா அவன் இதுலதான…" என்று தொடங்கினான்.

"சொல்லாத," என்றாள் எல்ஸ்பெத். பிள்ளையை இறுக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு நிமிர்ந்து டீனெகேவைப் பார்த்தாள். "காலையில நான்தான் துணி மாத்தினேன். எனக்குத் தெரியல. உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு அது வேணும்னு இருந்துச்சு," என்றாள் டீனெகே. கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள், அழுதுகொண்டிருந்தாள். "வயிறு எரிஞ்சுது எல்ஸ்பெத். கடைக்குப் போயி எத்தன தடவ கட்டிப் பாத்தேன் தெரியுமா? இறுக்கிக் கட்டினா பட்ட நுனி ஒரு சாண் வெளிய தொங்கும். இங்க ஒரு வெரல் நீளங்கூடத் தொங்கல."

எல்ஸ்பெத் மூக்கை உறிஞ்சினாள். "மூணு மாசமா என் தொட்டில்ல குத்தம் தேடினியே."

"தேடினேன்."

"இன்னும் தேடு. எல்லாத்தையும் பாத்துட்டு அப்புறம் வீட்டுக்குப் போ."

டீனெகே தேடினாள். கெர்பென் பட்டையை இழுத்துக் கட்ட, இவள் படுத்து உருண்டு பார்த்தாள், இடுக்கில் விரலை விட்டுப் பார்த்தாள், மூலையில் உட்கார்ந்திருந்த முயல் பொம்மையையும் குட்டித் தலையணையையும் எடுத்து வெளியே போட்டாள். ஓரகத்தி வீட்டைக் குடைந்து பார்க்க ஓரகத்தியே உத்தரவு கொடுத்த நாள் அது. அழுத கண்ணோடு, முகத்தில் ஒரு களை.

திரும்பும் வழியில் காலிப் பலகையை நான் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தேன். இரண்டு தெரு தாண்டியதும் டீனெகே, "அந்தத் திரைச்சீல பாத்தியா? நல்ல துணி," என்றாள். ஐந்து வருடத்தில் அவள் வாயால் ஒரு பொருளை நல்லது என்று கேட்டது அதுதான் முதல் தடவை. வீட்டுக்கு வந்ததும் ஹெர்பர்ட்டிடம், "அந்த மீன் கூடைய வாங்கிடு," என்றாள். "நம்ம கட்டிலும்தான் ஏறும், எறங்கும். அது தன் பாட்டுக்கு நிக்கட்டும்."

இரண்டு மாதம் கழித்து டீனெகேவுக்குப் பெண் பிறந்தது. எல்ஸ்பெத் பார்க்க வந்தாள், யோரிஸைத் துணியில் மார்போடு கட்டிக்கொண்டு. அந்தச் செங்குத்துப் படியில் மூச்சு வாங்க ஏறி, அறைக்குள் ஒருக்களித்து நுழைந்தாள். கட்டிலோரம் கச்சிதமாக நின்றது மீன் கூடை. உள்ளே இறுகிய மெத்தை, ஒரு விரிப்பு, மல்லாந்து தூங்கும் பிள்ளை. வேறொன்றும் இல்லை.

எல்ஸ்பெத் அடைப்பை ஆட்டிப் பார்த்தாள். மெத்தையைச் சுற்றி விரலை ஓட்டினாள். குனிந்து காலைத் தட்டினாள். டீனெகே தலையணையில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன, குத்தம் கெடச்சுதா?"

"இல்ல." எல்ஸ்பெத் நிமிர்ந்தாள். "நீ தூங்கறியா டீனெகே?"

"பசிச்சு எழுப்புவா. மத்த நேரம் தூங்கறேன்."

"நான் தூங்கல. பட்டைய அவரு இழுத்து இழுத்துக் கட்டறாரு. நானும் பாக்கறேன். ஆனா அன்னிலேருந்து அந்த இடுக்குல கைய வச்சுக்கிட்டேதான் கெடக்கறேன்."

அவள் மறுபடி அந்தத் தொட்டிலைப் பார்த்தாள். நான் ரஸ்க் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன். எல்ஸ்பெத்தின் கழுத்திலிருந்து காது வரை சிவந்திருந்தது.

"இத எங்க வாங்கின?" என்று கேட்டாள்.