முதல் வரிசையில் பார்த்த ஆர்கெஸ்ட்ரா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஒன்பது வயதில் இன்னும் நீளமாக இருந்தது. அந்த வாயால் அப்பாவின் வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

அப்போது நெய்வேலியில் மாமாவின் குவார்ட்டர்ஸுக்குப் பின்னால், ஷீட் போட்ட ஒற்றை அறையில் குடியிருந்தோம். மாமா அம்மாவின் அண்ணன், சுரங்கத்தில் பெர்மனென்ட். அப்பா கான்ட்ராக்ட். ஒருநாள் மத்தியானம் சென்னையிலிருந்து ஒரு மேடம் வந்தார். ஏதோ அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர். டவுன்ஷிப் ஜனங்கள் பொழுதுபோக்குக்கு எதைப் பார்த்தார்கள் என்று ஆராய்ந்து கண்காட்சி வைக்கப்போகிறாராம். ஆனால் பாட்டைப் பற்றியோ ஆட்டத்தைப் பற்றியோ அவர் அதிகம் கேட்கவில்லை. யாரோடு போனீர்கள், எங்கே உட்கார்ந்தீர்கள் என்றுதான் கேட்டார்.

அம்மா தண்ணீர் கொண்டுவர உள்ளே போனதும் நான் ஆரம்பித்தேன். எங்கள் பிளாக் மனமகிழ் மன்றத்து ஆண்டு விழா ஆர்கெஸ்ட்ராவுக்கு, பெர்மனென்ட் ஆட்களான உறுப்பினர்களின் குடும்பங்களுக்குத்தான் பாஸ், நாற்காலி எல்லாம். மற்றவர்கள் கயிற்றுக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். போன வருஷம் மாமாவுக்கு இரண்டாம் ஷிஃப்ட், அத்தை ஊரில் இல்லை. மாமாவின் பாஸை வாங்கிக்கொண்டு அப்பா மாமாவாகவும் அம்மா அத்தையாகவும் போனார்கள். முதல் வரிசை! குலுக்கலில் எங்கள் பாஸுக்கே குக்கர் விழுந்து தொலைத்தது. மைக்கில் மாமா பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். அப்பா யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எழுந்துவிடாமலிருக்க அம்மா என் தொடையைக் கிள்ளிப் பிடித்திருந்தாள். குக்கர் வேறு யாருக்கோ போனது. அத்தனையையும் மேடத்தின் செல்போன் பதிவு செய்துகொண்டது.

ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா சைக்கிளை நிறுத்தும்போதே குக்கர் கதையைக் கேட்டுவிட்டார். அவர் முகம் செத்துவிட்டது. கான்ட்ராக்டர் காதுக்குப் போனால் மறுநாள் சுரங்க கேட்டுக்குள் விடமாட்டார்கள்.

"மேடம், கொழந்த ஏதோ ஒளறிக்கினு இருக்குது. அத அழிச்சிடுங்க."

"யார் பேரும் வராதுங்க. ஒரு தொழிலாளி குடும்பம்னு மட்டும்தான் எழுதுவேன்" என்ற மேடம், எங்கள் கண்முன்னாலேயே பதிவை அழித்தார். அப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்கும்தான். அம்மா காபி போட்டாள். கைவிட்டுப் போன குக்கரை நினைத்து மூன்று பேரும் சிரித்தோம், மேடமும் சேர்ந்துகொண்டார்.

அவர் விடைபெற்றுத் தெருமுனை வரைக்கும் போயிருப்பார். அப்பா திடீரென்று செருப்புகூடப் போடாமல் அவர் பின்னால் ஓடினார். நானும் ஓடினேன்.

"மேடம், மச்சான் பேரு வேணாங்க, பாஸ் கதயும் வேணாங்க. எம் பேர மட்டும் போட்டு எழுதிக்குங்க. குடும்பத்தோட மொத வரிசைல, நாற்காலில ஒக்காந்து பாத்தாருன்னு."

மேடம் நோட்டில் எழுதி அவரிடமே காட்டினார். அப்பா எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார்.

பிறகும் அப்பாவின் வேலைக்கு ஆபத்து ஒன்றும் வரவில்லை. ஆனால் அன்று எனக்குக் கோபமும் அழுகையும் முட்டிக்கொண்டு வந்தன. தப்பித்தாயிற்றே, இந்த மனுஷர் எதற்கு ஓடிவந்து மறுபடி மாட்டிக்கொள்கிறார் என்று அவர் சட்டையைப் பிடித்து வீட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டே நின்றேன்.