பங்காளி மாடு

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பொங்கல் முடிந்து ஏரிக்கரையில் ஊர் கூடியபோது தண்ணீர் மதகின் பாதி உயரத்துக்குக்கூட இல்லை. அப்படியானால் என்ன செய்வது என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். மதகை ஒட்டிய மேல் கழனிகளில் மட்டும்தான் நடவு. கீழ் கழனிக்காரர்களுக்கு அந்தப் போகத்துக்கு மட்டும் மேலேயே ஆளுக்கொரு துண்டு ஒதுக்குவோம். போர்க்கிணறு போடக்கூடாது என்பதும் நாங்களாக வைத்துக்கொண்ட கட்டுப்பாடுதான். எந்த அதிகாரியும் வந்து சொல்லவில்லை.

என் சித்தப்பா, நைனாவின் கூடப்பிறந்த தம்பி, ஒதுக்கின துண்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கீழே தன் கழனியிலேயே நட்டார். மதகைத் திறந்து மூடும் வேலை வருஷத்துக்கு ஒரு வீடு என்று சுற்றி வரும். அந்த வருஷம் எங்கள் வீட்டு முறை.

“மதகு எங்க அண்ணன் கையில இருக்குது. நான் இன்னாத்துக்கு ஊரான் கழனியில போய் நடணும்?” என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நைனா ஒரே ஒருமுறை போய், “வேணாம்டா” என்றார். அதற்குப் பிறகு அவரும் தடுக்கவில்லை, ஊரும் தடுக்கவில்லை. ஐயம்பேட்டை நெசவு வீட்டுக்குப் பட்டு இழைத்துக் கொடுக்கும் என் சித்தி, ராட்டையை ஓரமாக வைத்துவிட்டுக் களை எடுத்ததை எல்லோரும் பார்த்தோம். “பயிரு ஜோரா பச்சை கட்டிக்கினு இருக்குதே!” என்று வரப்பில் போகிறவர்கள் சொல்லிவிட்டு, நாலடி தள்ளிப்போய்ச் சிரித்தார்கள்.

பங்குனியில் மேல் கழனிகளுக்குக் கடைசித் தண்ணீர் விட்டு மதகை மூடினோம். மிச்சம் ஏரியில் கிடப்பது மாடுகளுக்கு. மேல் கழனிகளிலிருந்து வடிந்த தண்ணீரிலேயே அதுவரை வளர்ந்த சித்தப்பாவின் பயிர் அப்போது பொதி கட்டி, கதிர் வெளியே வரக் காத்திருந்தது. மண் வெடித்திருந்தது. இன்னும் ஒருமுறை நனைத்தால் பிழைத்துக்கொள்ளும்.

அம்மன் கோயில் எதிரே ஊர் கூடியது. சித்தப்பா வேறு யாரையும் பார்க்கவில்லை. நைனாவைப் பார்த்து, “ஒரே ஒரு தண்ணி, அண்ணா” என்றார்.

நைனா என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஏனாத்தூர்ப் பக்கம் கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்கிய பிறகு, ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எதுவரை வரும் என்று கணக்குப் போடுவதை ஊரே என்னிடம் விட்டிருந்தது. நான் எழுந்து நின்றேன். கால்வாய் நெடுக மணல், கழனி குடிப்பதைவிட அதுதான் அதிகம் குடிக்கும் என்றேன். “சித்தப்பாவுக்கு விட்டா, சித்திரையில ஊர் மாடு சேத்தைத்தான் குடிக்கணும்.” என் குரல் நடுங்கவில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

“ஸ்கூலுக்கு உன்னை சைக்கிள்ல வெச்சி மிதிச்சவன் நான்மா,” என்றார் சித்தப்பா.

“அப்ப சைக்கிள் மேல கேஸ் போடுப்பா,” என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது.

தண்ணீர் இல்லை என்று முடிவானது. அப்படி முடிவானால் அன்றைக்கே அந்தப் பயிரில் மாடு இறக்கிவிட வேண்டும். பயிர் கண்ணெதிரே நின்றால், எப்போதாவது ஒருநாள் அவர் திருட்டுத்தனமாக மதகைத் திறப்பார். அதிலும் முதலில் இறங்குவது பங்காளி வீட்டு மாடாகத்தான் இருக்க வேண்டும். அந்நிய வீட்டு மாடு இறங்கினால் இரண்டு குடும்பத்துக்கும் தீராத பகையாகிவிடும் என்பது ஊர் வழக்கம்.

நைனா எங்கள் பசுவை அவிழ்த்து, கயிற்றை என் கையில் கொடுத்தார். “கணக்கு சொன்னவ நீதானே. நீயே ஓட்டு.”

சித்தப்பா வரப்பில் நின்றிருந்தார். “இதுக்கும் காலேஜ்ல பாடம் உண்டாம்மா?”

பசு இறங்க மறுத்தது. நெல்லில் வாய் வைக்கக்கூடாது என்று கன்றாக இருந்தபோதிலிருந்து அடித்துப் பழக்கிய மாடு. கயிற்றை இழுத்தேன், காலை ஊன்றிக்கொண்டது. பின்னால் ஊர் மாடுகளோடு காத்திருந்தவர்கள், “தட்டும்மா, தட்டி இறக்கு” என்றார்கள். கையிலிருந்த குச்சியால் முதுகில் ஓங்கி அடித்தேன். இறங்கியது. அப்போதும் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. இன்னொரு அடி போட்டேன். பிறகு தின்னத் தொடங்கியது.

மற்ற மாடுகள் எங்களைத் தள்ளிக்கொண்டு இறங்கின. பொதியோடு தாள் பிடுங்கப்படும் சத்தம் கழனி முழுக்கக் கேட்டது. அதற்குள் சித்தி வீட்டுக்குப் போய்த் தங்கள் மாடுகளை ஓட்டிவந்தாள்.

“ஏய், அதுங்களையாவது எறக்காதடி,” என்றார் சித்தப்பா.

“ஏன்? நீ நட்டே, நான் களை எடுத்தேன். ஊர் மாடெல்லாம் தின்னும், எங்க மாடு வைக்கோல் தின்னணுமா?” என்னைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு, அவற்றைக் கழனியின் நடுவரைக்கும் ஓட்டிப்போனாள்.

சாயங்காலத்துக்குள் கழனியில் அடிக்கட்டைதான் மிஞ்சியது.

சித்திரை முழுக்க ஏரியில் மாடுகளுக்குத் தண்ணீர் இருந்தது. சித்தப்பாவும் தன் மாடுகளை அங்கேதான் ஓட்டி வந்தார். நைனா ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம் நிற்பார்கள். மாடுகள் மட்டும் ஒன்றாக நின்று குடிக்கும். குடித்ததும் நைனாவின் பக்கம் பார்க்காமல் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். கோடை மழை வரும்வரை சேறு தட்டவே இல்லை. என் கணக்கு சரியாகத்தான் வந்தது. நைனா அதைப் பற்றி என்னிடம் இதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை.