எட்டு மணி பஸ்ஸில் யாரும் ஏறவில்லை

அன்று ராஜபாளையம் பஸ் டெப்போவுக்கு வந்தவர்கள் என் அம்மா, பன்னிரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த என் தங்கை, எங்கள் தெருவிலிருந்து டவுனுக்குக் கட்டட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற ஐந்து பெண்கள், பிறகு மனுவை எழுதிய நான். வராதவர்கள்தான் அதிகம். ஊராட்சித் தலைவருக்கு ஒரு சடங்கு வீடு இருந்தது. உள்ளூர்ப் பள்ளித் தலைமையாசிரியை, “அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கிட்டு அங்க வந்து நிக்க முடியாதுப்பா” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். ஊர் ஆண்கள் ஒருவரும் வரவில்லை. அவர்களுக்கு டூவீலர் இருந்தது. அப்பாவும் வரவில்லை. தோப்புக் காவலுக்கு மாற்றாள் கிடைக்கவில்லை என்றார். அது மட்டும் காரணம் இல்லை என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

சோழபுரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் ஊர். பத்தாம் வகுப்பு வரை உள்ளூரில் படிக்கலாம். அதற்கு மேல் ராஜபாளையம். காலை எட்டு மணிக்கு ஒரு டவுன் பஸ் வரும். நானும் அதில் போய்த்தான் படித்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். இப்போது கிருஷ்ணன்கோவிலில் ஒரு ஜெராக்ஸ் கடையில் ஆன்லைன் விண்ணப்பங்கள் போட்டுக்கொடுக்கிறேன். என்னைவிட நன்றாகப் படிக்கிறவள் தங்கை. நர்ஸிங் படிக்க வேண்டும் என்று ஒன்பதாம் வகுப்பிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போன ஜூன் மாதம் உள்ளூர்ப் பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்தது. சுவரை அடைத்துக்கொண்டு ஒரு திரை. தொட்டால் இருதயம் துடிக்கும், பூமி சுற்றும். மாலை, சால்வை, போட்டோ எல்லாம் நடந்தது. தங்கையும் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, “ரெண்டு வருசம் முந்தி வந்திருக்கக் கூடாதா அண்ணே” என்றாள். அதே ஜூனில் எட்டு மணி பஸ் நின்றுபோனது. அதற்கு விழா ஒன்றும் இல்லை. முதல் நாள் வண்டி ரிப்பேர் என்று நினைத்தார்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே நினைத்தார்கள். பிறகு சாயங்கால பஸ் டிரைவர்தான் சொன்னார்: “அந்த ட்ரிப்பைக் கட் பண்ணிட்டாக. ஆளே ஏறலியாம்.”

டூவீலர் உள்ள வீட்டுப் பிள்ளைகள் அதில் போனார்கள். எங்களுக்கு அடுத்த பஸ் ஒன்பதரைக்குப் பிறகு. அதில் ஏறினால் முதல் பாடம் முடிந்த பிறகுதான் பள்ளிக்குப் போய்ச் சேர முடியும். டீச்சர் திட்டாமல் உள்ளே விட்டுவிடுவார். ஆனால் வருகைப் பதிவு இப்போது செல்போனில். காலையில் எடுத்து அனுப்பிவிட்டால் அதன் பிறகு திருத்த முடியாது. டீச்சர் தங்கையிடம் செல்லைத் திருப்பியே காட்டியிருக்கிறார். “நீ என் முன்னால நிக்கிறம்மா. இதுல நீ இல்ல. நான் என்ன பண்ணட்டும்?”

வராத பிள்ளைகளின் வீட்டுக்குத் தகவல் போய்விடும். அது அப்பாவின் பட்டன் போனுக்குப் போனது. அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. நானோ காலையிலேயே நண்பனின் பைக்கில் கிருஷ்ணன்கோவில் கிளம்பிவிடுவேன். அவர் போனைத் தூக்கிக்கொண்டு உரக்கடைக்குப் போனார். கடைக்காரர் மருந்து வாங்க வந்த நாலு பேர் முன்னால் சத்தமாகப் படித்தார்: தங்கள் மகள் இன்று பள்ளிக்கு வருகை தரவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் நான் எல்லாவற்றையும் விளக்கினேன். பஸ், நேரம், ஆப். அப்பா அமைதியாகக் கேட்டார். நம்பவும் செய்தார். ஆனால் மறுநாளும் தகவல் வந்தது. அதற்கு மறுநாளும். உரக்கடையிலிருந்து டீக்கடைக்கும், டீக்கடையிலிருந்து குழாயடிக்கும் பேச்சு நகர்ந்தது. “தோப்புக் காவக்காரர் மக பையைத் தூக்கிட்டுப் போகுது. பள்ளிக்கூடத்துக்குப் போகலியாமே. எங்க போகுதாம்?” என்று ஒருத்தி அம்மாவின் காதுபடக் கேட்டாள். அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சண்டை போட்டு வந்தாள்.

“போனை ஆஃப் பண்ணி வச்சிருங்கப்பா” என்றேன்.

“தோப்பு முதலாளி கூப்பிட்டா?” என்றவர், போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னார். “உனக்கும் எனக்கும் தெரியும்லே. ஊருக்கு யாரு சொல்லுதது? தெனம் காலையில கவர்மெண்டே சொல்லுது, உம் மக வரலன்னு.”

காலாண்டுப் பரீட்சை வரை பார்ப்பேன், அதற்கு மேல் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று முடித்துவிட்டார். அதனால்தான் மனு. அதனால்தான் அந்த ஆடி மாதக் காலையில் நாங்கள் டெப்போவில் நின்றது.

அதிகாரி கெட்டவர் இல்லை. உட்காரச் சொன்னார். பெஞ்சில் இடம் போதாமல் இரண்டு பேர் தரையில் உட்கார்ந்தார்கள். மனுவை வாசித்துவிட்டு, கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார்.

“இந்த ட்ரிப்புல ஆளே இல்லையேம்மா. நாலு டிக்கெட், அஞ்சு டிக்கெட். சில நாள் ரெண்டுதான். எட்டு மணிக்குக் காத்தையா ஏத்திக்கிட்டு வரும்?”

சித்தாள் வேலைக்குப் போகிற அக்கா ஒருத்திக்கு வாய் கொஞ்சம் அதிகம். அவள் எழுந்து, “என்ன சார் சொல்லுதீங்க? நிக்க எடம் இருக்காது. இவ முழங்கை என் விலாவுலதான் இருக்கும். அந்தத் தழும்பு வேணா இருக்கு, காட்டவா?” என்றாள்.

“ஏட்டி, சும்மா இரு” என்று பக்கத்தில் இருந்தவள் சேலையைப் பிடித்து இழுத்தாள். அதிகாரியே சிரித்துவிட்டார்.

“நீங்க ஏறுனீங்கன்னே வச்சுக்குவோம். லேடீஸுக்குக் காசு இல்லாத டிக்கெட் மெஷின்ல அடிச்சுக் கொடுப்பாங்களே. அதை வாங்குனீங்களா?”

தரையில் உட்கார்ந்திருந்த இருவரும் என் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“வாங்கல சார்” என்றாள்.

“ஏம்மா?”

“காசு குடுக்காம சீட்டு வாங்குதது ஒரு மாதிரி இருந்துச்சு. ஆம்பளைக வேற ஓசி ஓசின்னு பேசுவாக. அதுகூடப் போவட்டும் சார். நாங்க வாங்குத சீட்டெல்லாம் கூட்டிப் பாத்து, இந்த ஊர்ப் பொம்பளைகளால பஸ்ஸுக்கு இம்புட்டு நட்டம்னு எழுதிட்டா, வண்டிய நிப்பாட்டிருவாகன்னு பயம். கண்டக்டர் தம்பி சீட்டை நீட்டத்தான் செய்யும். நாங்கதான், வச்சுக்கோய்யா, கணக்குல ஏத்தாத, சத்தமில்லாமப் போயிட்டு வாரோம்னு சொல்லிட்டோம்.”

அவர்கள் எல்லோரும் பேசி வைத்துச் செய்தது அது. பஸ்ஸைக் காப்பாற்றுவதாக நினைத்து, வருஷக்கணக்காகத் தங்களை அதில் இல்லாமல் ஆக்கிக்கொண்டிருந்தார்கள். எனக்கும் அது அன்றுதான் தெரியும். நான் அந்தப் பஸ்ஸில் போன காலத்தில் பெண்களும் காசு கொடுத்துத்தான் ஏறினார்கள்.

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “தலைகீழாப் பண்ணியிருக்கீங்கம்மா. நீங்க வாங்குற ஒவ்வொரு சீட்டுக்கும் கவர்மெண்ட் எங்களுக்குப் பணம் தருது. வாங்கியிருந்தா லாபக் கணக்குல வந்திருக்கும்.”

சித்தாள் அக்கா திரும்பவும் எழுந்தாள். எழுந்த வேகத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நான் கேட்டேன். “பள்ளிக்கூடப் பிள்ளைக சார்? அவங்க பாஸ் வச்சிருக்காங்களே.”

“பாஸ் பிள்ளைகளுக்கு டிக்கெட் கிடையாது தம்பி. மெஷின்ல வராது.”

“அந்த பாஸை அடிச்சுக் கொடுத்தது உங்க ஆபீஸ்தானே சார். எங்க ஊருக்கு எத்தனை பாஸ் கொடுத்தீங்கன்னு உங்களுக்குத் தெரியுமே.”

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. “அது வேற செக்‌ஷன்” என்றார்.

சித்தாள் அக்கா அப்போது மறுபடி எழுந்தாள். “ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எம்புட்டு பஸ் விடுதீங்க சார்? அதுக்கெல்லாம் ஆள் எண்ணிட்டா விடுதீங்க? எங்க பிள்ளைகளுக்கு ஒண்ணே ஒண்ணு.”

“தேர் வருசத்துக்கு ஒரு தடவைம்மா. இது தெனமும்.”

“அதைத்தான் நாங்களும் சொல்லுதோம். படிப்பு தெனமும்லா.”

மனுவில் முத்திரை குத்திக் கொடுத்தார். மேலே அனுப்புவதாகச் சொன்னார்.

வேலைக்குப் போக வேண்டும் என்று ஐந்து பெண்களும் அங்கேயே பிரிந்துவிட்டார்கள். அம்மாவையும் தங்கையையும் அழைத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கல்வி அலுவலகத்துக்குப் போனேன். பஸ்ஸில் கண்டக்டர் வந்ததும் அம்மா வேகமாகக் கையை நீட்டினாள். அவர் கொடுத்த சீட்டுகளை இறங்கும்வரை உள்ளங்கையில் வைத்திருந்தாள். தேருக்கு முந்திய வாரம். வடம் பார்க்க வந்தவர்களும் பந்தல்காரர்களுமாக ஊர் நிறைந்திருந்தது. அந்த நெரிசலில் அலுவலகத்தைக் கண்டுபிடித்துப் போனபோது சாப்பாட்டு நேரம்.

அங்கே இருந்தவரும் தன்மையாகத்தான் பேசினார். பஸ் எங்கள் துறை இல்லை என்றார். ஆப்பில் நேரத்தை மாற்றுவது மாவட்டத்தில் முடியாது, சென்னையில்தான் என்றார். தங்கை அதுவரை ஒன்றும் பேசாதவள். அப்போது கேட்டாள்.

“சார், நான் தெனமும் போறேன் சார். லேட்டா வந்தாள்னு போடச் சொல்லுங்க. வரலன்னு போடாதீங்க.”

“அதுல லேட்டுங்கிற ஆப்ஷன் இல்லம்மா” என்றார் அவர். “வந்தா, வரலியா, ரெண்டுதான்.”

வெளியே வந்ததும் அம்மா எங்கள் இருவருக்கும் எலுமிச்சை சாதம் வாங்கித் தந்தாள். அவள் சாப்பிடவில்லை. “நாந்தாம்ட்டி ஒம் பஸ்ஸை நிப்பாட்டிட்டேன்” என்றாள். தங்கை, “நீ சும்மா இரும்மா, தண்ணியக் குடி” என்று பாட்டிலை நீட்டினாள். இருவரும் அழவில்லை. நான் பொட்டலத்தைப் பாதியிலேயே மடித்துவிட்டேன்.

மனுவுக்கு வாரங்கள் கழித்து என் செல்லுக்குப் பதில் வந்தது: பயணிகள் வருகை குறைவு காரணமாக நடை ரத்து, மனு முடித்து வைக்கப்பட்டது. பிறர் மனுக்களின் பதில்களைக் கடையில் தினமும் நான்தான் படித்துச் சொல்வேன். முடித்து வைக்கப்பட்டது என்றால் ஜெயித்துவிட்டோமா என்று கேட்பார்கள். இல்லை என்று சொல்லும்போது அவர்கள் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவளும் அதையேதான் கேட்டாள்.

நான் விடவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் எழுதினேன். எங்கள் ஊருக்கு எத்தனை பாஸ் கொடுக்கப்பட்டது, பாஸ் பிள்ளைகளை எண்ணாமல் ஆள் இல்லை என்று முடிவுசெய்தது யார் என்று கேட்டேன். பதில் வராதபோது மேல்முறையீடு செய்தேன். கிராம சபையில் தீர்மானம் கேட்டேன். தலைவர் அன்று இருந்தார், போட்டுக் கொடுத்தார். அம்மாவும் மற்றப் பெண்களும் ஒன்பதரை பஸ்ஸில் சீட்டு வாங்காமல் உட்காருவதில்லை என்று முடிவெடுத்தார்கள். கண்டக்டர் பின்னால் நின்றால், “ஏ தம்பி, எங்களை விட்டுட்டுப் போயிராத, இந்தா ஆள் இருக்கோம்” என்று கூப்பிட்டு வாங்கினார்கள். சித்தாள் அக்கா இடுப்பில் இருந்த பேத்திக்கும் ஒன்று கேட்டாள். “கைப்பிள்ளைக்குக் கிடையாதுக்கா” என்றதற்கு, “அவளும் ஏறித்தானே இருக்கா, அடிலே” என்றாளாம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே காலாண்டுப் பரீட்சை முடிந்துவிட்டது. அப்பா சொன்ன சொல்லை மாற்றவில்லை. அவரை நான் குறை சொல்ல முடியாது. டீக்கடை பெஞ்சில் உட்காருவதையே அவர் விட்டிருந்தார். மருத்துவமனைக்குக் கட்டுத்துணி மடித்து அனுப்புகிற ஒரு கம்பெனியில் தங்கையைச் சேர்த்தார். அந்தக் கம்பெனி வேன் தினமும் எட்டு மணிக்கு எங்கள் தெருமுனைக்கே வந்தது. மழை பெய்தாலும் வந்தது. ஒரு பிள்ளை இருந்தாலும் நின்று ஏற்றிக்கொண்டு போனது. முதல் நாள் அவள் பள்ளிப் பையிலிருந்த புத்தகங்களை எடுத்து அடுக்கிவிட்டு, அதே பையில் சாப்பாட்டுத் தூக்கை வைத்துக்கொண்டு கிளம்பினாள். நான் அன்று வேலைக்குப் போகவில்லை. “வாரேன் அண்ணே” என்றாள். எப்போதும் சொல்கிறதுபோலத்தான் சொன்னாள்.

பள்ளிக்கு அவள் போகாத அந்த நாளும் அப்பாவின் போனுக்குத் தகவல் வந்தது. இந்த முறை அது உண்மையைச் சொன்னது.

அடுத்த ஜூனில் எட்டு மணி பஸ் மறுபடியும் வந்தது. சோதனை அடிப்படையில் என்று உத்தரவில் இருந்தது. மேல்முறையீட்டு விசாரணையில் பாஸ் கணக்கை எடுத்து வைத்த பிறகு அவர்களால் மறுக்க முடியவில்லை. ஊர்ப் பெண்கள் பஸ்ஸுக்கு மாலை போட்டார்கள். எனக்கும் ஒரு துண்டு போர்த்தினார்கள். தங்கைக்குப் பின்னால் பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் ஏறிப் போனார்கள். அதற்குச் சற்று முன்னால்தான் கம்பெனி வேன் போயிருந்தது.

தங்கை இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜபாளையத்தில் ஒரு டுட்டோரியலுக்குப் போகிறாள். தனித்தேர்வு எழுதப்போகிறாள். நர்ஸிங்குக்கு மதிப்பெண் போதுமா என்று நான் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை. பீஸை நான் கட்டுகிறேன் என்று சொன்னதற்கு ஒப்புக்கொள்ளாமல் கட்டுத்துணி மடித்த சம்பளத்திலேயே அவள் சேர்த்துக் கட்டினாள். அவள் படித்த அரசுப் பள்ளியில் ஒரு ரூபாய் கேட்டதில்லை. பஸ் பாஸுக்கும் கேட்டதில்லை. விட்டுப்போன அந்தப் பன்னிரண்டாம் வகுப்பைத் திரும்பப் படிக்க டுட்டோரியல் பீஸ், புத்தகம், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து அவளுக்கு ஆனது பதினோராயிரத்து நானூறு ரூபாய்.